ஒரு கம்பியில் ஆறு கணிப்பொறிகள்

பவானியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து கீழ்க்கரையில் கால் வைத்தால் அதுவே குமாரபாளையம். ஊர் கண்ணில் படுவதற்கு முன்னரே காதில் விழுந்துவிடும். தெருவுக்குத் தெரு விசைத்தறிகள். தறிகள் நின்றுவிட்டால் அவ்வூர்க் குழந்தைகள் உறக்கம் கலைந்து எழுந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரை லுங்கிக்காகவும் வேட்டிக்காகவும் நாடு அறியும். நெசவை விட்டு வேறொன்றைப் பற்றி நான் இன்று பேசப் போவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் இது: ஒரே ஒரு கணிப்பொறிக்குக் கிடைத்த இணையத் தொடர்பை, கம்பியால் அதனோடு பிணைக்கப்பட்ட மற்றக் கணிப்பொறிகளும் பகிர்ந்துகொண்ட வரலாறு. கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆயினும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கு இணையம் வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் இதுவே. பெருநகரங்களில் வசதி படைத்தோர் வீடுகளுக்கு அது ஆளுக்கொரு தொடர்பாக வந்தது. நம் ஊர்களுக்கோ பங்கு போட்டுக்கொள்ளப்பட்டே வந்தது. அங்ஙனம் பங்கிட்டவர் யார், எப்படிப் பங்கிட்டார், அதற்காக அவர் எதை ஏற்றுக்கொண்டார் என்பதே என் பேச்சு.

பங்கிடுதல் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில், பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்துக்கு அருகே, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் ஓர் அணை கட்டி வாய்க்கால் வெட்டினான். தண்ணீர் புகும் இடம் ஒன்று. அதனால் விளையும் வயல்களோ எண்ணற்றவை. தலைமடைக்காரன் மதகை அடைத்தால் கடைமடைக்காரன் வயல் காயும். ஆதலின் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். முறை தவறினால் சண்டையிட்டார்கள். இணையத்தைப் பங்கிட்ட கதையிலும் ஒரு தலைமடை உண்டு, ஒரு கடைமடை உண்டு.

ஒரே தடத்தில் பல கணிப்பொறிகள் பேசுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு முதல் விடை பசிபிக் மாகடலில் பிறந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1971இல் தீவுகளுக்கிடையே வானொலி அலை வழியாகக் கணிப்பொறிச் செய்திகளை அனுப்பினார்கள். அலைவரிசை ஒன்று, பேச விரும்புவோர் பலர். இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதைந்துவிட்டால், ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய அளவு நேரம் பொறுத்திருந்து மறுபடி பேசவேண்டும், அவ்வளவே விதி. இதைக் கற்ற ராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து, 1973 முதல் அந்த முறையைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஈதர்நெட் என்று பெயரிட்டார். ஒளி பரவுவதற்கு இடமாக அண்டமெங்கும் ஈதர் என்ற ஒன்று நிறைந்திருக்கிறது என்று முற்காலத்து அறிஞர் நம்பினார்கள் அல்லவா? அது பொய்யென்று கைவிடப்பட்ட பின்னர், அதன் பெயர் மட்டும் நம் ஊர்க் கடைகளின் கம்பியில் உயிரோடு இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1986இல் மைய அரசாங்கத்தின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் நுட்ப மையமும் அதில் பங்குகொண்டன. தொடக்கக் காலத்தில் வெளிநாட்டு அஞ்சல் பம்பாய் மையம் வழியாகவே போய்வந்தது. அந்த நாளில் இந்தியக் கல்வியுலகமே ஒரு வாசலில் வரிசையில் நின்றது என்று கூறினால் மிகையாகாது.

பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசாங்க நிறுவனம் பெருநகரங்களில் அதைத் தொடங்கியது. கட்டணமோ ஆயிரக்கணக்கில். மாணவருக்கென்று 500 ரூபாய்க் கணக்கொன்று இருந்தது. அதில் திரையில் எழுத்து மட்டுமே வரும், படம் வராது. சிறிய ஊர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. இணையத்தை அடையத் தொலைபேசியில் ஓர் எண்ணை அழைக்கவேண்டும். அந்த எண் பெருநகரத்தில் இருக்கும். ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எஸ்.டி.டி. கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அருகில் இணைய நிலையம் இல்லாத மாவட்டங்களில் உள்ளூர் அழைப்புக் கட்டணத்திலேயே இணையத்தை அடைய வழி செய்யவேண்டும் என்று 1998இல் தேசியத் தகவல் தொழில்நுட்பப் பணிக்குழு பரிந்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. இவ்விரண்டும் நேராதிருந்தால் காவிரிக் கரையில் இணையம் என்ற பேச்சே எழுந்திராது.

இதன் பிறகுதான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்கள் ஒரு கணிப்பொறி வாங்கினார்கள். பின்னர் இரண்டு, பின்னர் ஆறு. பலகையில் ‘பிரௌசிங் சென்டர்’ என்று எழுதினார்கள். கணிப்பொறி ஆறு ஆனாலும் தொலைபேசிக் கம்பி ஒன்றே. ஆறு கம்பி வாங்கினால் ஆறு வாடகை, ஆறு கணக்கு, ஆறு மோடம். வாடிக்கையாளர் தரும் காசில் அது கட்டுப்படியாகாது.

அந்தக் கடைகளின் உள்ளமைப்பை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். தொடக்கத்தில் சில இடங்களில் தொலைக்காட்சிக் கம்பியைப் போன்ற தடித்த கறுப்புக் கம்பி ஒன்று ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ச்சியாகச் செல்லும். அதன் இரு முனைகளிலும் ஒரு சிறு மூடி இருக்கும். எவருடைய காலாவது தட்டி அந்த மூடி கழன்றுவிட்டால் அத்தனை கணிப்பொறிகளும் ஒருங்கே ஊமையாகிவிடும். பின்னர் எட்டு மெல்லிய இழைகளைக் கொண்ட கம்பியும் ஹப் என்னும் பெட்டியும் வந்தன. எட்டு இழைகளையும் நிறம் பார்த்து அடுக்கி, ஒரு கண்ணாடி நிற முனையில் செருகிக் கிரிம்பிங் செய்வார்கள். ஊடைப் பார்த்துப் பாவு பிணைத்துப் பழகிய கைகளுக்கு அந்த வேலை எளிதாகவே வந்தது என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஹப்பிலிருந்து ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிக் கம்பி செல்லும். ஒன்று அறுந்தால் மற்றவை தப்பும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் தேவை. தொலைபேசி வழியாக அழைத்தவருக்கு நிறுவனம் அளிப்பது ஒரே முகவரி. அதை ஆறு பேர் எப்படி வைத்துக்கொள்வது? உலகம் முழுவதற்குமே இந்த நெருக்கடி வரப்போகிறது என்பதை அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். அந்த முறையில் உள்ள எண்களின் தொகை ஏறத்தாழ 430 கோடி. உலக மக்கள் தொகைக்கே அது போதாது. 1994 மே மாதத்தில் கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்னும் இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். நிலையான தீர்வு வரும் வரையில் இதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. முப்பது ஆண்டு கடந்தும் உலகம் அதை வைத்தே சமாளித்துக்கொண்டிருக்கிறது. தற்காலிகமாகப் போட்ட பந்தல் நிலைத்துவிடுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று.

அந்த வழி என்ன? நம் பக்கத்து லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வளாகத்தில் வரிசையாக ஆறு குடித்தனங்கள். நகராட்சிக் கதவு எண் ஒன்றே, அது வீட்டுக்காரருடையது. குடியிருப்பவர் எழுதும் கடிதங்களையெல்லாம் வீட்டுக்காரர் வாங்கி, அனுப்புநர் முகவரியில் தம் கதவு எண்ணையே எழுதி, மூலையில் மட்டும் ஓர் அடையாளக் குறியிட்டு அஞ்சலில் சேர்க்கிறார். இன்ன குறி மூன்றாம் வீட்டாருடையது என்று தம் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறார். விடைக் கடிதம் அந்தக் குறியோடு திரும்பி வந்தால் குறிப்பேட்டைப் பார்த்து மூன்றாம் வீட்டில் கொடுத்துவிடுகிறார். வெளியுலகுக்குத் தெரிந்தவர் வீட்டுக்காரர் ஒருவரே. முன்னிற்கும் கணிப்பொறி இதைத்தான் செய்கிறது. நொடிக்குப் பன்முறை செய்கிறது. உள்ளே இருக்கும் கணிப்பொறிகளுக்கு வைப்பதற்கென்றே சில எண்களை ஒதுக்கிவைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் வரிசை அவற்றுள் ஒன்று. அந்த எண்களுக்கு வெளியுலகில் மதிப்பில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தக் கடையிலும் அவற்றை உரிமையோடு பயன்படுத்தலாம்.

கடைக்காரர் இந்தக் கொள்கையையெல்லாம் கற்றவரல்லர். அவருக்கு வேண்டியது ஒரு மென்பொருள். நியூசீலாந்தில் 1995இல் பிறந்த விங்கேட் அவற்றுள் ஒன்று. லினக்ஸ் அறிந்தவர்கள் அதிலேயே இருந்த ஒரு வசதியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு மாறுவேடம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இருந்தது. பொருத்தமான பெயர்தான். 1999ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலோ இந்த வசதி உள்ளேயே அமைந்திருந்தது. ஓர் இடத்தில் குறியிட்டால் போதும். முன்னிற்கும் கணிப்பொறி தனக்கு 192.168.0.1 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தானே எண் வழங்கிவிடும். நம் சிறு நகரங்களில் பகிர்வு பெருகியதற்கு இந்தக் குறி ஒரு பெருங்காரணம்.

ஆனால் பங்கிடுவதால் பொருள் பெருகுவதில்லையே! அந்நாளைய மோடம் நொடிக்கு 56,000 பிட் என்று பெட்டியின்மீது எழுதியிருக்கும். உண்மையில் அவ்வளவு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது நொடிக்கு ஏழாயிரம் எழுத்து அளவே. ஒருவர் மட்டும் பார்த்தால் ஐந்து நொடியில் வரும் பக்கம், ஆறு பேர் ஒருங்கே பார்த்தால் அரை நிமிடம் எடுக்கும். எவராவது ஒரு பாட்டை இறக்கத் தொடங்கினாலோ மற்றவர் பாடு கடைமடைதான்.

இதை நான் 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் நேரில் கண்டேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாள். குமாரபாளையத்தில் ஒரு கடையில், சுவரோரம் ஆறு கணிப்பொறிகள். மூன்றாவதில் நான் அமர்ந்து, வெளியூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் இருபது முப்பது பேர். தறிக்கூடத்திலிருந்து நேரே வந்தவர் ஒருவர், பஞ்சுத் தூசி படிந்த தலையோடு, தம் மகளை அழைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் முதல் கணிப்பொறியில் அந்தப் பெண்ணின் பதிவெண்ணைத் தட்டினார். பக்கம் வரவில்லை. மறுபடி தட்டினார். தமிழ்நாடே அந்த வாசலைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கொஞ்சம் தாமதித்தாலும் பின்னால் தள்ளப்படுவோம்.

“எப்படியாச்சும் பாத்துச் சொல்லுங்க. பத்து மணிக்குத் தறிக்குப் போவோணும்” என்றார் தந்தை.

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த ஹப்பின் அருகே சென்று, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. என் கடிதம் பாதியில் போயிற்று. கல்லூரி மாணவர் இருவர் கூச்சலிட்டனர். “அஞ்சு நிமிசம் பொறுங்க தம்பி, உங்க கணக்குல கழிச்சுக்கறேன்” என்று சொல்லி, சொன்னபடியே குறிப்பேட்டில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கழித்து எழுதினார். தொடர்பு முழுவதும் முதல் கணிப்பொறிக்கே ஓடியது. பக்கம் வரிவரியாக இறங்கியது. 1,200க்கு 1,041. அந்தப் பெண் அதைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கடைக்காரர் அவர்களிடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். வரிசை முடியும் வரையில் எங்கள் கம்பிகள் தொங்கிக்கொண்டே இருந்தன. அன்று எனக்குச் சினம் வந்தது உண்மை. தம்பிக்கு எழுதியதை மறுநாள் மறுபடி எழுதினேன். முதலில் எழுதியது போல அது அமையவில்லை.

ஒரு தொடர்பைப் பலர் பகிர்ந்த வேறொரு முயற்சியும் அதே ஆண்டுகளில் புதுச்சேரிப் பக்கம் நடந்தது. அது கடை அன்று, மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய திட்டம். வில்லியனூரில் ஒரு நடுநிலையம். அங்கே இணையத் தொடர்பு. சுற்றிலும் உள்ள சிற்றூர்களோடு அதைத் தொலைபேசிக் கம்பியாலும், கம்பி எட்டாத இடத்தில் வானொலிக் கருவியாலும் பிணைத்தார்கள். மின்சாரம் நின்றால் சூரிய ஒளி. நடுநிலையத்தார் வெளியிலிருந்து செய்தி எடுத்துத் தமிழில் எழுதி ஊர்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவர் குப்பத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயரக் குறிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. ஒரு கம்பியில் வந்த செய்தியைக் கரையே கேட்டது. அத்திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு ஊரில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமியின்போது, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை நிலையத்து ஒலிபெருக்கியில் முழங்கியதால் ஊர் மக்கள் உயிர் தப்பினர் என்பதை அந்நாளில் பல பத்திரிகைகள் எழுதின.

மீண்டும் நம் கடைக்கு வருவோம். வீட்டுக்காரர் உவமையை இன்னும் சற்று நீட்டிப் பார்த்தால் இரண்டு விளைவுகள் தெரியும். முதலாவது, உள்ளே இருப்பவர் கடிதம் எழுதினால் விடை வரும். ஆனால் வெளியார் ஒருவர் தாமாக மூன்றாம் வீட்டாருக்குக் கடிதம் எழுத முடியாது, ஏனெனில் அப்படி ஒரு வீடு இருப்பதையே அவர் அறியார். இதனால் உள்ளே உள்ள கணிப்பொறிகள் கேட்கலாமேயன்றித் தம்மிடம் உள்ளதைப் பிறர் வந்து எடுத்துச் செல்லத் தர இயலாது. இதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, இணையத்தில் நேராக நின்ற விண்டோஸ் கணிப்பொறிகளையே அது முதலில் தாக்கியது. தலைமடையில் நின்றதற்கு அடி; பின்னால் நின்றவற்றுக்கு மறைப்பு. முன்னிற்பது வீழ்ந்த பின்னர் உள்ளே பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு.

இரண்டாவது விளைவே கடைக்காரரைச் சுட்டது. ஆறு பேரில் எவர் எதைச் செய்தாலும் வெளியுலகில் பதிவாவது கடையின் முகவரி. எவரோ ஒருவர் மிரட்டல் கடிதம் அனுப்பினால் காவலர் வந்து நிற்பது கடைவாசலில். 2011 ஏப்ரலில் மைய அரசாங்கம் இத்தகைய கடைகளுக்கென்றே விதிகள் வகுத்தது. வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்கவேண்டும்; பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதி ஓராண்டாவது காக்கவேண்டும்; தடுப்புப் பலகை நான்கரை அடிக்குமேல் உயரக்கூடாது. கணிப்பொறி தன் நினைவில் எழுதி மறந்துவிடும் குறிப்பை, கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைக்கவேண்டியதாயிற்று. விதி தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், பகிர்ந்தளித்தவன் எல்லார் செயலுக்கும் முகம் கொடுக்க நேர்ந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அதற்குள் அந்தத் தொழிலின் காலமும் மாறிவிட்டிருந்தது. 2005 ஜனவரி 14ஆம் நாள் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்னும் பெயரில் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. அதனோடு வந்த மோடங்கள் பலவற்றில் பங்கிடும் வேலையும் உள்ளடங்கியிருந்தது. கையளவுப் பெட்டியே வீட்டுக்காரர் ஆகிவிட்டது. முன்னிற்கும் கணிப்பொறியை அணைத்தாலும் மற்றவை ஓடின. ஹப்பின் அருகே எழுந்து செல்ல எவருக்கும் தேவை ஏற்படவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோயின. 2016க்குப் பின்னர் மலிவான கைப்பேசி இணையம் வரவே, தேர்வு முடிவு பார்க்கக் கடைக்கு வருவோரும் அருகினர்.

அண்மையில் குமாரபாளையம் சென்றபோது அந்தக் கடையைத் தேடிப் போனேன். அது இப்போது நகலெடுக்கும் கடை. விண்ணப்பங்களும் நிரப்பித் தருகிறார்கள். பழைய ஹப் சுவரில் ஆணியோடு அப்படியே இருக்கிறது, ஒரு கம்பிகூட இல்லாமல். அன்று அகலக்கற்றை பழுதாகியிருந்தது. கல்லாவில் இருந்த இளைஞர் தம் கைப்பேசியை ஒரு கம்பியால் கணிப்பொறியோடு பிணைத்து, அதன் தொடர்பில் ஒரு மூதாட்டியின் ஓய்வூதிய விண்ணப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன முகவரி வந்திருக்கிறது என்று கேட்டேன். விந்தையான கேள்வி என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். 192.168 என்றே தொடங்கியிருந்தது. “பாட்டிக்கு முடிச்சுட்டு உங்களுக்குப் பாக்கறேனுங்க, செத்த உக்காருங்க” என்றார்.